ப்ராக்ஸி டெஸ்ட்டிங்: ரிப்போர்ட்டில் "தடுக்கப்பட்டது" என்று எழுதும் முன்

ப்ராக்ஸி என்பது பயனர்களின் கோரிக்கைகளை வாங்கி அவர்களுக்காகப் போய் வரும் இடைத்தரகு சர்வர். செக்யூரிட்டி டெஸ்ட்டிங்குக்குப் புதிதாக வந்தவர்கள் அதைச் சோதித்து எழுதும் ரிப்போர்ட்களைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. டிஃபால்ட் பாஸ்வேர்ட், பழைய வெர்ஷன், ப்ராக்ஸியின் 3128 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது இதெல்லாம் இங்கே வேண்டாம், எந்த ஸ்கேனரும் சொல்லிவிடும்.

அனுமதி

எழுத்தில் கைக்கு வராமல் ஒரு பாக்கெட் கூட அனுப்பாதீர்கள்.

எரர் வந்தாலே தடுத்துவிட்டது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ப்ராக்ஸி வழியாக உள் நெட்வொர்க்கின் ஏதோ ஒரு முகவரிக்கு கனெக்ட் கோரிக்கை (அங்கே ஒரு டனல் திறந்து கொடு என்று ப்ராக்ஸியிடம் கேட்பது) அனுப்புகிறார்கள், எரர் பக்கம் வருகிறது, உடனே "உள் நெட்வொர்க் அணுகல்: தடுக்கப்பட்டுள்ளது" என்று பச்சை நிறத்தில் எழுதிவிடுகிறார்கள். என்ன எரர், யார் கொடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ரூல் மறுத்திருந்தால் வழக்கமாக 403 (அனுமதி இல்லை) வரும், லாக்கில் டிசிபி_டினைட் என்று பதிவாகும். 503 (சேவை கிடைக்கவில்லை) வந்தால் கதையே வேறு. பெரும்பாலும் அதன் பொருள், ரூல் உங்களை விட்டுவிட்டது, ப்ராக்ஸி உங்களுக்காக அந்த முகவரிக்குப் போய் இணைப்பு கேட்டது, அந்த போர்ட்டில் யாரும் இல்லாததால் திரும்பி வந்தது. ஆள் இல்லாத வீட்டைத் தட்டிவிட்டு "காவல் பலமாக இருக்கிறது" என்று சொல்வது போலத்தான் இது. 403-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, ஏனென்றால் சாதாரண எச்டிடிபி கோரிக்கையில் அந்த 403 உள்ளே இருக்கும் வெப் சர்வரே கொடுத்ததாக இருக்கலாம். அப்படியென்றால் ப்ராக்ஸியைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள்.

ஒரு நிறுவனத்துக்குப் போன ரிப்போர்ட்டில் இப்படித்தான் எல்லாம் பச்சையாக இருந்தது. மறு சோதனைக்கு நாங்கள் போனபோது பழைய அவுட்புட்டைத் திறந்து பார்த்தால் வரிசையாக 503. சோதித்தவர் மனதுக்குத் தோன்றிய ஐபிகளையும் போர்ட்களையும் போட்டிருக்கிறார், அங்கே எதுவுமே ஓடவில்லை. சர்வர்களின் நிர்வாக கன்சோல் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அட்மினிடம் கேட்டு அதற்கே கனெக்ட் அனுப்பினோம். 200, அதாவது இணைப்பு கிடைத்துவிட்டது. லாகின் பக்கம் முன்னால் வந்து நின்றது. அந்த ஓட்டை பல மாதங்களாகத் திறந்தே இருந்திருக்கிறது, பத்திரம் என்று நாம் எழுதிக் கொடுத்ததால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோதிக்காமலே விட்டிருந்தால் கூட யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும்.

அதனால் முதலில் நிச்சயமாக ஆள் இருக்கும் இடத்தைத் தட்டுங்கள். அனுமதி வாங்கி உள்ளே ஒரு மெஷினில் நீங்களே ஒரு லிசனரை (வரும் இணைப்புக்காகக் காத்திருக்கும் ப்ரோக்ராம்) ஓடவிட்டு, கோரிக்கை அங்கே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ப்ராக்ஸி லாக்கையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். பதில் வர எடுக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய போர்ட் சட்டென்று மறுக்கும், ஃபயர்வால் விழுங்கினால் வெகுநேரம் இழுக்கும், இந்த வித்தியாசம் ஒன்றே போதும், ப்ராக்ஸியை வைத்து உள் நெட்வொர்க் முழுவதையும் ஸ்கேன் செய்துவிடலாம்.

127.0.0.1-ஐ, அதாவது ப்ராக்ஸி ஓடும் மெஷின் தன்னையே குறிக்கும் முகவரியை, மறக்காதீர்கள், லோக்கலில் இருந்து வந்தால் நம்பிவிடும் சர்வீஸ்கள் ஏராளம். அதையே ::1 என்றும், 2130706433 என்றும், அந்த ஐபிக்குப் போகும் உங்கள் சொந்த டொமைன் பெயராகவும் கொடுத்துப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்துத் தடுக்கும் ரூல் இங்கே கவிழ்ந்துவிடும். ப்ராக்ஸி கிளவுடில் இருந்தால் 169.254.169.254 கட்டாயம், அந்த மெஷினின் விவரங்களையும் தற்காலிகச் சாவிகளையும் கொடுக்கும் மெட்டாடேட்டா சேவையின் முகவரி அது. அமேசானின் இரண்டாம் தலைமுறை மெட்டாடேட்டா சேவை, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரோடு (ப்ராக்ஸி வழியாக வந்தது என்று காட்டும் குறிப்பு) வரும் டோக்கன் கோரிக்கையை ஏற்காது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் உங்கள் ப்ராக்ஸி அந்த ஹெடரை நீக்கிவிட்டு அனுப்பினாலோ, 80-ஆம் போர்ட்டுக்கு கனெக்ட் டனலை அனுமதித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கான்ஃபிக்கில் டினை (மறு) வரியைப் பார்த்ததும் டிக் போடுவது

ஸ்க்விட் ரூல்களை மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். கனெக்டை 443 போர்ட்டுக்கு (எச்டிடிபிஎஸ்) மட்டும் அனுமதிக்கும் அந்த டிஃபால்ட் டினை வரிக்கு மேலே யாரோ ஒரு அவசரத்துக்குச் சேர்த்த அல்லோ (அனுமதி) இருந்தால், கீழே இருப்பது வெறும் அலங்காரம். அப்புறம், எந்த ரூலும் பொருந்தாவிட்டால் கடைசி வரிக்கு நேர் எதிரானதைச் செய்யும். கடைசி வரி டினையாக இருந்து அதுவும் பொருந்தாமல் போனால், அல்லோ. அதனால்தான் முடிவில் டினை ஆல் (எல்லாவற்றையும் மறு) இருந்தே ஆக வேண்டும்.

407 வந்ததும் மூட்டை கட்டுவது

407 என்றால் ப்ராக்ஸி லாகின் கேட்கிறது, அவ்வளவுதான். சாதாரண ஊழியரின் கணக்கை வாங்கி மறுபடி முதலிலிருந்து சோதியுங்கள்.

பூட்டுச் சின்னத்தை நம்புவது

டிஎல்எஸ்ஸை (எச்டிடிபிஎஸ் தளங்களின் குறியாக்கம்) பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸியில் பிரவுசர் பார்ப்பது ப்ராக்ஸி கொடுக்கும் சான்றிதழை. அந்தப் பக்கம் இருக்கும் உண்மையான தளத்தின் சான்றிதழை ப்ராக்ஸி சரிபார்க்காமல் விட்டால், சான்றிதழ் காலாவதியான தளத்துக்குக் கூடப் பயனருக்குச் சுத்தமான பூட்டுதான் தெரியும். 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பேட்எஸ்எஸ்எல் தளத்தில் காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தானே கையெழுத்திட்டது என்று வகைவகையான சோதனைப் பக்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ப்ராக்ஸி வழியாகத் திறந்து எது தடையில்லாமல் வருகிறது என்று பாருங்கள்.

ஸ்மக்ளிங் சோதனையை லைவ் ப்ராக்ஸியில் ஓட்டுவது

வேண்டாம். ஸ்மக்ளிங் என்பது ஒரு கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் ப்ராக்ஸியையும் பின்னால் இருக்கும் சர்வரையும் முரண்பட வைப்பது. நீங்கள் அனுப்பும் அரைகுறை கோரிக்கை வேறொருவரின் கோரிக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதே வெர்ஷன், அதே கான்ஃபிக்கில் தனியாக ஒரு பிரதி கேட்டு வாங்கி, அதில் ஓட்டுங்கள்.