லினோ அச்சு ஓவியம்: பள்ளி மாணவர்களுக்கான முதல் செய்முறை

பென்சிலும் வாட்டர்கலரும் ஓரளவு கைவந்துவிட்ட ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவருக்கு அடுத்து எதைக் கற்றுத்தரலாம் என்று யாராவது கேட்டால், லினோ அச்சையே நான் முதலில் சொல்வேன். லினோலியம் என்ற மென்மையான தகட்டில் கட்டர் எனப்படும் சிறு உளியால் படத்தைச் செதுக்கி, மேலே மை பூசி, தாளை வைத்துத் தேய்த்து அச்செடுப்பதுதான் இந்த முறை. தாளில் வரையும்போது, தெளிவில்லாத இடத்தைச் சாம்பல் நிழல் பூசிக் கடந்துவிடலாம். லினோவில் அந்த வசதி கிடையாது. செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக விழும். விட்டுவைத்த இடம் கறுப்பாக அச்சேறும். ஒவ்வோர் இடத்திலும் இது கறுப்பா, வெள்ளையா என்று முடிவு செய்த பிறகே கட்டரை வைக்க முடியும் என்பதால், பார்க்கும் பொருளை உற்றுப் பார்க்கும் பழக்கம் மாணவரிடம் தானாகவே வளர்கிறது.

தொடங்குவதற்கு முன் வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930ஆம் ஆண்டு செதுக்கிய காந்தியின் லினோ அச்சை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்யப்பட்ட அந்தப் படத்தில், கையில் தடியுடன் நடக்கும் உருவம் முழுவதும் கறுப்புப் பரப்பின் மேல் வெள்ளைக் கோடுகளாலேயே அமைந்திருக்கிறது. பலகையின், அதாவது லினோ தகட்டின், பெரும்பகுதியை அவர் தொடவே இல்லை. வேட்டியின் மடிப்பும் உடலின் விளிம்பும் எங்கே ஓடுகின்றனவோ அந்தக் கோடுகளை மட்டும் எடுத்திருக்கிறார். குறைவாகச் செதுக்கியும் வலுவான படம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

தேவையான பொருள்கள்

லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்யப்படும் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் தரைவிரிப்புக்காக இதைக் கண்டுபிடித்தார். ஓவியர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். ஓவியப் பொருள் கடைகளில் லினோ ஷீட் என்று கேட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். முதல் முயற்சிக்கு 15 × 20 சென்டிமீட்டர் அளவு போதும். வாங்கும்போது ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் ஷீட் புதியது. நாள்பட்டது இறுகிப்போய், செதுக்கும்போது பொடிப்பொடியாக உதிரும்.

இதனுடன் வி முனையும் யூ முனையும் கொண்ட லினோ கட்டர்கள், ரப்பர் ரோலர், கறுப்பு அச்சு மை, மையைப் பரப்ப ஒரு கண்ணாடித் துண்டு அல்லது வழவழப்பான டைல்ஸ், டிரேசிங் பேப்பர், 4பி பென்சில், மார்க்கர், எவர்சில்வர் கரண்டி ஆகியவை வேண்டும். கையால் தேய்த்து அச்செடுப்பதற்குத் தடித்த தாள் சரிப்படாது; 80 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரையிலான தாளே ஏற்றது. மையில் நீரில் கரையும் வகையைத்தான் பள்ளிக்குப் பரிந்துரைப்பேன். அது விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், அச்செடுக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

வரைதல்

காகத்தை எடுத்துக்கொள்வோம். ஜன்னலில் வந்து உட்காரும் வீட்டுக் காகத்துக்கு முகமும் இறக்கையும் கறுப்பு. கழுத்தும் மார்பும் சாம்பல். லினோவில் சாம்பல் நிறமே கிடையாது என்பதால், அந்தக் கழுத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தப் படத்தின் மையமான கேள்வி. அதற்கு விடை கோடுகளில் இருக்கிறது. நெருக்கமாக மெல்லிய வெள்ளைக் கோடுகளை இழுத்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவரின் கண்ணில் அவை கறுப்போடு கலந்து சாம்பலாகத் தெரியும். கோடுகளை அகலமாக்கினால் சாம்பல் வெளிறும். இடைவெளி விட்டு இழுத்தால் அடர்த்தியாகும். கழுத்து இறகுகள் எந்தத் திசையில் படிந்திருக்கின்றனவோ அதே திசையில் கோடுகள் ஓடினால், நிறத்தோடு இறகின் தன்மையும் கூடவே வந்துவிடும். முதலில் ஒரு தாளில் மார்க்கரால் மட்டும் வரைந்து, எது கறுப்பு, எது வெள்ளை, எது கோட்டுப் பகுதி என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் செலவிடும் ஒரு மணி நேரம் வீண் போகாது.

படத்தை மாற்றுதல்

அச்சில் படம் இடம் வலமாகத் திரும்பி விழும். ஆகவே வரைந்ததை 4பி பென்சிலால் டிரேசிங் பேப்பரில் படியெடுத்து, பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி லினோவின் மேல் கவிழ்த்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துவிடுங்கள். படம் லினோவில் திரும்பிய நிலையில் பதியும். அச்சிடும்போது அது மீண்டும் திரும்பி, நீங்கள் வரைந்தபடியே வந்து சேரும். படத்தில் எழுத்து இருந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பதிந்த பிறகு, கறுப்பாக நிற்க வேண்டிய இடங்களை எல்லாம் மார்க்கரால் நிரப்பிவிட்டால், செதுக்கும்போது கண்ணுக்குக் குழப்பம் இருக்காது.

செதுக்குதல்

பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்றுதான். அதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் கட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். கட்டர் வழுக்கினால் அது போகும் பாதையில் விரல் இருக்கவே கூடாது. மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி அடியில் ஒரு சட்டமும், லினோவைத் தாங்கும்படி மேலே எதிர்விளிம்பில் ஒரு சட்டமும் அடித்த சிறு மரப்பலகை இருந்தால் வேலை பாதுகாப்பாகவும் எளிதாகவும் நடக்கும். பள்ளித் தச்சரிடம் சொன்னால் செய்து தருவார்.

முதலில் ஓரத் துண்டு ஒன்றில் பழகுங்கள். கட்டரைத் தாழ்வாகச் சாய்த்து, மெதுவாக முன்னோக்கித் தள்ள வேண்டும். லினோ சுருள் சுருளாக எழுந்து வந்தால் ஆழம் சரி. அடியிலுள்ள சணல் தெரிந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் ஆழமே போதும். வளைவுகளில் கட்டரைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள். குளிர்ந்த ஊர்களில் லினோ விறைத்துக்கொள்ளும். சில நிமிடம் வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

காகத்தின் வெளிக்கோட்டை, வெள்ளையாக வரவேண்டிய பக்கத்தில் கட்டரை வைத்து, மெல்லிய வி முனையால் சுற்றி எடுத்துவிடுங்கள். பிறகு கழுத்துக் கோடுகள். கடைசியாகத்தான் யூ முனையால் பின்னணியை அகற்ற வேண்டும்.

கண்ணுக்கு மட்டும் தனிப் பொறுமை தேவை. கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் தெரிய வேண்டுமானால், அதைச் சுற்றி முடி அளவு மெல்லிய வெள்ளை வளையமும், உள்ளே ஒளி படும் இடத்தில் ஒரு புள்ளியும் வேண்டும். வளையத்துக்கு வி முனையை ஓரிடத்தில் நிறுத்தி, மறுகையால் பலகையை நிதானமாகச் சுழற்றினால் வட்டம் உடையாமல் வரும். ஒளிப்புள்ளிக்கு முனையை லேசாகக் குத்தித் திருகினாலே போதும். அந்தப் புள்ளி விழுந்த கணத்தில் பறவைக்கு உயிர் வந்துவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பின்னணியைச் செதுக்கும்போது பள்ளங்களுக்கு இடையில் நிற்கும் மேடுகள் சில அச்சில் கறுப்புக் கீறல்களாக விழும். அவற்றைச் சுத்தமாக எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில் அவை இருக்கட்டும்; காகத்தைச் சுற்றி ஒரே போக்கில் செதுக்கியிருந்தால், அந்தக் கீறல்கள் காற்றின் அசைவைப் படத்துக்குத் தருகின்றன. இடையிடையே மெல்லிய தாளைப் பலகையின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தால், மை பூசாமலேயே படம் எப்படி வரும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும்.

அச்செடுத்தல்

கண்ணாடியில் ஒரு தேக்கரண்டி மையை வைத்து, ரோலரை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டிப் பரப்புங்கள். மை சரியான பதத்துக்கு வந்துவிட்டதைக் காதால் அறியலாம்: ரோலர் ஓடும்போது மெலிதாகச் சிரசிர என்று ஓசை எழும். சளக் சளக் என்று ஒட்டி ஓசை வந்தால் மை அதிகம். பலகையில் ஒரே தடவையில் அப்பிவிடாமல், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை ஏற்றுங்கள்.

மேசையில் ஒரு தாளை ஒட்டி, அதில் லினோ நிற்கும் இடத்தையும் அச்சுத்தாள் படியும் இடத்தையும் கோடிட்டுக்கொண்டால், எல்லாப் பிரதிகளிலும் ஓரங்கள் ஒரே அளவாக அமையும். மை பூசிய பலகையை அதன் இடத்தில் வைத்து, தாளைக் கோட்டுக்குப் பொருத்தி மெதுவாகப் படியவிட்டு, கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி மறுமூலையைத் தூக்கிப் பார்த்தால், எங்கே வெளிறியிருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் மீண்டும் தேய்க்கலாம்.

புதிய லினோ மையை இழுத்துக்கொள்வதால் முதல் பிரதி பெரும்பாலும் மங்கலாகவே வரும். மூன்றாவது பிரதியிலும் திட்டுத்திட்டாக இருந்தால் தேய்ப்பு போதவில்லை அல்லது மை குறைவு. கழுத்துக் கோடுகள் அடைபட்டுக் கறுத்துவிட்டால் மை கூடிவிட்டது. ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, உலரவிட்டு, குறைந்த மையில் மீண்டும் தொடங்குங்கள்.

பிரதிகளைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு உலர்த்தியபின், படத்தின் கீழ் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் விவரங்களை எழுத வேண்டும். இடப்பக்கம் பிரதி எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து என்பதே அச்சோவியர்களின் வழக்கம். பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்றால் 3/10 என்று குறிப்பார்கள். எண்ணிக்கையை இவ்வாறு அறிவித்த பிறகு, அதே பலகையிலிருந்து பதினோராவது பிரதியை எடுக்கக் கூடாது.