செல்லைப் பிரிக்கும் நாளில் ஒய்-27632

உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களின் காலனியை, அதாவது ஒட்டி வளரும் கூட்டத்தை, ஒற்றை ஒற்றைச் செல்லாகப் பிரித்தால் பெரும்பாலானவை செத்துப்போகும். பக்கத்துச் செல்லின் பிடி விட்டதும், ராக் (ROCK) என்ற கைனேஸ் நொதி, உள்ளே செல்லைச் சுருங்கவைக்கும் புரதமான மயோசினை அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: செல்லின் ஓரமெல்லாம் கொப்புளம் கிளம்பி அடங்கும், தண்ணீர் கொதிப்பது போல. ஒய்-27632 (Y-27632) என்ற மருந்து, அந்த நொதியில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உட்காரவேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. முறுக்கு தளர்கிறது, செல் பிழைக்கிறது. 2007-இல் ஜப்பானில் யோஷிகி சசாயின் குழு இதைச் சேர்த்தபோது, காலனியாக வளரும் செல்கள் சுமார் 1 சதவீதத்திலிருந்து 27 சதவீதம் வரை உயர்ந்தன.

ஸ்டாக், அதாவது பிறகு நீர்க்கச் செய்து பயன்படுத்தும் அடர்கரைசல், தயாரிப்பதில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலும் டைஹைட்ரோகுளோரைடு உப்பாகத்தான் வரும். மூலக்கூறு எடை 320.26. குப்பியில் 5 மில்லிகிராம் இருந்தால் 1.56 மில்லிலிட்டர் சுத்திகரித்த நீர் விட்டால் போதும், 10 மில்லிமோலார். நீரிலேயே கரைவதால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் தேவையில்லை. நான் ஒருமுறை உப்பைக் கணக்கில் சேர்க்காமல் 247.34 என்று போட்டு, 2.02 மில்லிலிட்டர் விட்டுவிட்டேன். 10 என்று எழுதி வைத்த டியூபில் இருந்தது 7.7 தான். அதிலிருந்து குப்பியின் லேபிளில் உள்ள எடையைப் பார்க்காமல் கணக்கே போடுவதில்லை. நீரேறிய உப்பு என்றால் அந்த எண்ணும் மாறும். அப்புறம் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 50 மைக்ரோலிட்டர் வீதம் சிறு டியூப்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

பயன்படுத்துவது எளிது. ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியம் 2 மில்லிலிட்டருக்கு ஸ்டாக் 2 மைக்ரோலிட்டர். இறுதி அளவு 10 மைக்ரோமோலார். செல்லை விடும் மீடியத்தில் முதலிலேயே கலந்துவிடுங்கள். செல்லைப் போட்ட பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், அதற்குள் கொப்புளம் தொடங்கிவிடும். உறைநிலையிலிருந்து எடுத்த செல்லுக்கும் இதேதான். பெரிய கொத்துகளாகப் பிரிக்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

அளவைக் கூட்டினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். இது ராக்கை மட்டும் தடுக்கும் மருந்தல்ல, பிஆர்கே2 போன்ற வேறு கைனேஸ்களையும் தொடும். ராக் சார்ந்த எதையாவது அளக்கப் போகிறீர்கள் என்றால், மருந்தை எடுத்த பிறகு செல்லுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

மறுநாள் செல்கள் கூர்கூராக நீண்டு, வால் முளைத்தது போலத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் செல் வேறு வகையாக மாறிவிட்டது என்று பதறுகிறார்கள். அது மருந்தின் வேலைதான். 24 மணி நேரத்தில் மருந்தில்லாத மீடியம் மாற்றி இன்குபேட்டரில் வையுங்கள். வால்கள் உள்ளே போய், செல்கள் மறுபடி நெருங்கி உட்காரத் தொடங்கும்.