சந்தை ஊரின் சின்ன அருங்காட்சியகம்: தெட்ஃபோர்டை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்கள் லண்டனின் பெரிய கூடங்களில் கால் வலிக்க நடந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாளை மிச்சம் பிடித்து, நார்ஃபோக் பகுதியின் தெட்ஃபோர்டுக்குப் போங்கள். அங்குள்ள ஏன்ஷியன்ட் ஹவுஸ் மியூசியத்தைப் பார்க்கும் முறை இது.

படி 1: இத்தகைய இடங்கள் வாரம் முழுவதும் திறந்திருப்பதில்லை. திறக்கும் நாளை இணையத்தில் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். நார்விச்–கேம்பிரிட்ஜ் ரயில் இவ்வூரில் நிற்கும்.

படி 2: உள்ளே ஓடாதீர்கள். ஒயிட் ஹார்ட் தெருவில் நிற்கும் அந்த வீடுதான் முதல் காட்சிப்பொருள். 1490 வாக்கில் மரச்சட்டங்களால் கட்டியது. நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். உத்தரங்களில் உள்ள செதுக்கு வேலையே வீட்டுக்காரரின் செல்வச் செழிப்பைச் சொல்லிவிடும்.

படி 3: எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதைக் கொடுத்தவர் யார்?" இங்கே பதில் நம்மை நிமிர வைக்கும்: இளவரசர் ஃப்ரெடெரிக் துலீப் சிங். அவருடைய தந்தை மகாராஜா துலீப் சிங், சீக்கியப் பேரரசின் கடைசி அரசர். 1849இல், பத்து வயதில், நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தவர். பின்னர் இங்கிலாந்துக்கு வந்து, 1863இல் தெட்ஃபோர்டுக்கு அருகே எல்வெடன் எஸ்டேட்டை வாங்கினார். மகனுக்கோ பழைய வீடுகள், பழைய ஓவியங்கள் மீது தீராத பித்து. இந்த வீட்டை 1921இல் ஊருக்கே கொடுத்தார். 1924இல் அருங்காட்சியகம் திறந்தது. பஞ்சாபை இழந்த குடும்பம் ஆங்கிலேயரின் ஊர் வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது! இதற்காகவே போகலாம் என்பேன். அந்தக் குடும்பம் பற்றிய பகுதிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்.

படி 4: விளக்க அட்டைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். 1979இல் இவ்வூரில் கிடைத்த ரோமானியர் காலப் புதையலின் தங்க மோதிரங்களும் வெள்ளிக் கரண்டிகளும் இங்கே நகல்கள்தான். அசல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கண்டெடுத்தவர் உடனே தெரிவிக்கவில்லை. தொல்லியலாளர்கள் வருவதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது.

படி 5: வெளியே வந்து ஊரைச் சுற்றுங்கள். கிங் தெருவில், அமெரிக்க விடுதலைக்காக எழுதியவரும் 1737இல் இங்கே பிறந்தவருமான தாமஸ் பெயினின் சிலை இருக்கிறது. கையிலுள்ள புத்தகம் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். பட்டன் தீவில் குதிரைமேல் மகாராஜா துலீப் சிங் சிலையாக வீற்றிருக்கிறார். அவருடைய கல்லறை எல்வெடன் தேவாலய வளாகத்தில், சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்கு டாக்சி பிடிப்பது நல்லது.