செல் ஆராய்ச்சிச் செய்தியைப் படித்துவிட்டு மருந்தில் கைவைக்காதீர்கள்

கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பல. அவர்களுடைய போனுக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது: பட்டினி கிடந்தால் கேன்சர் செல் தானாகச் செத்துவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

நோபல் பரிசு கொடுத்தது உண்மைதான். 2016-இல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதரை அல்ல, ஈஸ்டை. செல் தன் பழுதான பாகங்களைச் சவ்வுப் பையில் கட்டிக் கரைத்து, அந்தச் சரக்கையே திரும்பப் பயன்படுத்தும். இதற்கு ஆட்டோபேஜி என்று பெயர். உணவு கிடைக்காதபோது இது கூடும். கரைக்கும் வேலை ஈஸ்டில் நடப்பது வாக்குவோல் என்ற அறையில். அங்குள்ள நொதிகள் வேலை செய்யாத ஈஸ்டை எடுத்து, அதற்கு உணவில்லாமல் செய்தார் ஓசுமி. சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் குட்டிக் குட்டிப் பைகள் குவிந்தன. வந்த சரக்கு கரையாமல் தேங்கியதால் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் இந்த வேலைக்குத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அருமையான வேலை. அதில் புற்றுநோய் சிகிச்சை எதுவும் இல்லை.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஆட்டோபேஜி நல்ல செல்லில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும். கட்டி உருவாகாமல் தடுக்கவும் உதவும். அதே ஆட்டோபேஜி, கட்டி வளர்ந்த பிறகு புற்றுநோய் செல்லுக்கும் சோறு போடும். ரத்தம் சரியாக எட்டாத இடத்திலும் அது பிழைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் ஆட்டோபேஜியைத் தடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வாட்ஸ்அப் சொல்வதற்கு நேர் எதிரான திசை! கீமோ ஓடும்போது எடை குறைவதே பெரிய கவலை. அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவரைப் பட்டினி போட்டால் உடம்பு சிகிச்சையைத் தாங்காது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளினால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம்.

மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும் என்ற செய்தியும் இப்படித்தான். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்லை மஞ்சளில் உள்ள குர்குமின் கொல்கிறது, சரி. உப்பை அள்ளிப் போட்டாலும் அந்தச் செல் சாகும். வாய்வழியே போகும் குர்குமின் குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது, அதையும் உடம்பு சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ரசத்தில் மஞ்சள் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

நிஜமாகவே சிகிச்சையாகிவிட்ட ஆராய்ச்சியிலும் தவறு செய்ய இடமிருக்கிறது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து வளர்த்த கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்களை, அதாவது நோயோடு போராடும் ஒருவகை வெள்ளையணுக்களை, ரத்தத்திலிருந்து பிரித்து, சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். சிடி19 இருப்பது பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களின் மேல். ஆகவே இது சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு, அதுவும் மற்ற சிகிச்சை பலிக்காதபோதோ நோய் திரும்பியபோதோ தான். மார்பகத்திலோ வாயிலோ கட்டி உள்ளவர், புதுசு வந்துவிட்டதாம் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், குணமாக்கக்கூடிய கட்டத்தை இழந்துவிடுவார். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியாக ஸ்டெம் செல், அதாவது பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல். ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006-இல் எலியின் சாதாரண செல்லை ஸ்டெம் செல் போல மாற்றியதிலிருந்து நம்பிக்கை கூடியிருக்கிறது, நியாயம்தான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல், ரத்தம் சார்ந்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத்தான் வழக்கமான சிகிச்சையாக ஏற்கிறது. ஆட்டிசத்துக்கு, சர்க்கரைக்கு என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 'இது ஆய்வு' என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் (CTRI) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் கொடுக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எண்ணைச் சொல்லாமல் பணத்தைப் பற்றியே பேசினால், அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.