வினிகரும் சுண்ணாம்பும்: வீட்டைத் துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிச் சமையலறைகளுக்கு வினிகர் புதிய பொருளன்று. ‘புளித்த ஒயின்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழிலும் அதற்குக் காடி என்ற பழைய சொல் இருக்கிறது. ஆனால் இன்று மளிகைக் கடையில் காடி என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். இறைச்சி ஊறவைக்கவும் ஊறுகாய் போடவும் அடுப்பங்கரை அலமாரியில் நின்றிருந்த அந்தப் பாட்டில், சில ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இடம் மாறி, தரை, குழாய், கண்ணாடி, வாஷிங் மெஷின், பூஜைப் பாத்திரம் என்று கண்ணில் படுவதற்கெல்லாம் பயன்பட ஆரம்பித்துவிட்டது. அதில் தவறில்லை. எதைக் கரைப்பதற்காக அதை ஊற்றுகிறோம் என்று தெரியாமல் ஊற்றுவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு அசிட்டிக் அமிலம் இருக்கும், மீதி தண்ணீர். இந்த மெல்லிய அமிலம் உருப்படியாகச் செய்யும் வேலை ஒன்றுதான்: சுண்ணாம்புச் சத்தைக் கரைப்பது. ஆகவே துணியை நனைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றே: சுண்ணாம்பு இருப்பது கறையிலா, கறை படிந்த பொருளிலா? கறையில் இருந்தால் வினிகர் அதை அகற்றிவிடும். பொருளில் இருந்தால் அந்தப் பொருளையே அரித்துவிடும். இரண்டிலும் இல்லையென்றால், பெரும்பாலும் நாம் வீட்டுக்குப் புளிப்பு வாசனை ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அடுப்பு மேடையாகப் போட்டிருந்த கடப்பா கல்லில் மஞ்சள் கறை போகவில்லை என்று, வினிகரில் நனைத்த துணி ஒன்றை இரவு முழுவதும் அதன்மேல் விரித்து வைத்தேன். காலையில் துணியை எடுத்தபோது மஞ்சள் ஓரளவு மங்கியிருந்தது. ஆனால் துணி கிடந்த இடம் முழுவதும், அதன் மடிப்புகள் உட்பட, கறுப்புக் கல்லில் சாம்பல் நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச இடத்துல கல்லு வெளுத்துப் போறத நீ பார்த்ததே இல்லையா?” என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை. கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், புளியின் டார்டாரிக் அமிலமும், வினிகரின் அசிட்டிக் அமிலமும் அதன் மேற்பரப்பை ஒரே மாதிரிதான் தின்னும். அந்த வெளுப்பு கறையன்று. கல்லே தேய்ந்துபோன தழும்பு. எவ்வளவு கழுவினாலும் அது போகாது, மெருகேற்றுபவரை அழைத்துக் கல்லை மறுபடியும் தேய்க்கத்தான் வேண்டும்.

பளிங்கும் கோட்டா கல்லும் இதே இனத்தைச் சேர்ந்தவை. மொசைக் தரையில் பதித்திருக்கும் பளிங்குச் சில்லுகளும், அவற்றைப் பிடித்து நிறுத்தும் சிமெண்டும் அமிலத்துக்கு இளகக்கூடியவையே. சிவப்பு ஆக்சைடு தரை, பூ வேலைப்பாடுள்ள சிமெண்டு ஓடுகள் ஆகியவற்றின் கதையும் வேறன்று. புதுச்சேரியின் பழைய வீடுகளில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே: சுவரின் மெருகு சுண்ணாம்பு, செங்கற்களை இணைப்பது சுண்ணாம்பு, தளத்தில் கொட்டியிருப்பதும் சுண்ணாம்பு. அப்படிப்பட்ட வீட்டில் வாளித் தண்ணீரில் வினிகர் கலந்து நாள்தோறும் தரை துடைப்பது, வீட்டை மிக மெதுவாகக் கரைப்பதற்குச் சமம். ஒரே நாளில் எதுவும் தெரியாது. தரை மினுமினுப்பை இழந்து சொரசொரப்பான பிறகுதான் தெரியும், அப்போது அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும். கிரானைட் இவ்வளவு எளிதில் அரிபடாது என்றாலும் அதன் மேல் பூசியிருக்கும் காப்புப் பூச்சு மங்கக்கூடும். சாதாரண மெருகேற்றிய பீங்கான் டைல்ஸுக்கு ஆபத்து குறைவு. டைல்ஸ்களுக்கு இடையே உள்ள சிமெண்டு இணைப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. என்ன கல் என்று தெரியாவிட்டால், அலமாரிக்கு அடியிலோ கதவின் மறைவிலோ இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலும் சரி, பளபளப்பு குன்றினாலும் சரி, பாட்டிலை மூடிவிட வேண்டியதுதான்.

உப்புக் கறை என்று நாம் சொல்வது

கடலோரத்தில் இருப்பதால் எல்லா வெள்ளைப் படிவத்தையும் நாம் ‘உப்பு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கெட்டிலின் அடியில் ஓடுபோல் பிடிப்பதும், ஷவரின் துளைகளை அடைப்பதும், ஆழ்குழாய்த் தண்ணீர் ஓடும் குழாயின் வாயைச் சுற்றிப் படிவதும் சமையல் உப்பன்று. சமையல் உப்பாக இருந்தால் அது தண்ணீர் பட்டவுடன் கரைந்திருக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது மீண்டும் சுண்ணாம்புச் சத்து. வினிகர் முழு வீச்சில் பயன்படும் இடம் இதுதான். இங்கேயும் மக்கள் செய்யும் தவறு அவசரம்: ஊற்றிய கையோடு தேய்க்கிறார்கள், போகவில்லை என்று கம்பி நாரை எடுக்கிறார்கள். அமிலத்துக்கு நேரம் வேண்டும். கெட்டிலில் பாதி வினிகரும் பாதி வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டால் ஓடு தானாகக் கழன்று வரும். பிறகு நன்றாக அலசி, ஒரு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். வினிகரையே கொதிக்கவிடக் கூடாது. அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

ஷவர் முகப்பைக் கழற்றி ஊறவைக்கலாம், அல்லது வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை அதில் கட்டித் தொங்கவிடலாம். அரை மணி நேரம் போதும். இரவு முழுவதும் கட்டிவைத்தால், குரோமியப் பூச்சில் ஏற்கெனவே கீறல் விழுந்த இடங்களில் அமிலம் உள்ளே புகுந்து பித்தளையை அரிக்கும். பொன்னிறப் பூச்சுள்ள குழாய்களில் இந்த முயற்சியே வேண்டாம். கீசரின் உள்ளே வினிகர் ஊற்றும் யோசனையையும் கைவிடுவது நல்லது. அது அதற்கென்று வரும் தொழிலாளியின் வேலை.

இதற்கு நேர்மாறானது சுவரில் பூக்கும் உப்பு. கடற்காற்றும் நிலத்தின் ஈரமும் ஏறி, சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் பொரிந்து விழுவதைக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் காணாத வீடு குறைவு. வினிகரால் துடைத்தால் அந்தப் பூப்பு சில நாட்களுக்கு மறையும். ஈரம் ஏறும் வழி அடைபடாத வரை அது திரும்பி வரும். நாமோ இடையில் சுண்ணாம்புப் பூச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்தியிருப்போம். உலர்ந்த தூரிகையால் தள்ளிவிடுவது எவ்வளவோ மேல்.

நுரை ஏமாற்றும், புகை கொல்லும்

வினிகருடன் ஆப்பசோடாவைக் கலந்து பொங்கவிடும் காட்சி மிகவும் மனநிறைவு தருவது. அதன் பயன் அவ்வளவு இல்லை. ஒன்று அமிலம், மற்றொன்று காரம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு நுரையாக வெளியேற, எஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும்தான். 100 மில்லி வினிகரில் உள்ள 5 கிராம் அமிலத்தை 7 கிராம் ஆப்பசோடா முழுவதுமாகத் தீர்த்துவிடும். நுரை பொங்கும் அந்தச் சில நொடிகளில் தளர்ந்த அழுக்கு கொஞ்சம் மேலே வரலாம், ஆனால் கலந்து பாட்டிலில் அடைத்து வைக்கும் ‘இயற்கைக் கரைசல்’ உப்புத் தண்ணீர் மட்டுமே. இறுக மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் கூடும். கரி பிடித்த பாத்திரத்தை ஆப்பசோடா போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்புப் படிவத்துக்கு வினிகரை வையுங்கள். தனித்தனியாக இரண்டும் நல்லவை.

ஆப்பசோடாவால் வீணாவது காசுதான். பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் போவது உயிராகவும் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரிலும் திரவ பிளீச்சிலும் உள்ள ஹைப்போகுளோரைட்டின் மேல் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு வெளிவரும். வினிகர் மெல்லிய அமிலம் என்பதால் வராது என்று நினைப்பது தவறு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே பிரெஞ்சு அணிகள் மேல் ஜெர்மன் படை திறந்துவிட்ட வாயு இதுதான். நம் கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னம் அந்த முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. இதை யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டு, அது ஊறும் நேரத்தில் குழாயின் வெள்ளைப் படிவத்தையும் முடித்துவிடலாம் என்று வினிகரைத் தெளிக்கும்போது, அது வழிந்து தரைக்கு வருகிறது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, ஆகவே தரையோடு தேங்கும். குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்ப்பவரின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் இது சில நொடிகளில் நெஞ்சைப் பிடித்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால் கழுவி முடிக்க நிற்காமல் உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ தணியாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு பொருள் மட்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக.

ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரோடு ஒரே பாட்டிலில் சேர்க்கக் கூடாது. தோலையும் கண்ணையும் அரிக்கும் பெராசெட்டிக் அமிலம் அதில் உருவாகும். ரசாயனக் கடைகளில் விற்கும் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை வாங்கி வந்து வீட்டில் தண்ணீர் கலந்து வினிகர் செய்வதும் வேண்டாத சிக்கனம்: அது ஏறக்குறைய முழுச் செறிவுள்ள அமிலம், தோலில் பட்டால் புண்ணாக்கும், தீயும் பற்றும்.

புயலுக்குப் பின் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுவது நமக்குப் பழகிப்போன துயரம். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று பெயர்கள்தான் மாறுகின்றன. தண்ணீர் வடிந்தபின் வினிகர் தெளித்துத் துடைத்தால் கிருமிகள் ஒழியும் என்று நம்புவது ஆபத்தான தவறு. வினிகர் சில நுண்ணுயிரிகளைக் குறைக்கும், ஆனால் அது நம்பத்தக்க கிருமிநாசினியன்று. சாக்கடை கலந்த தண்ணீர் நின்ற தரைக்கு, சேற்றை வாரிச் சோப்புப் போட்டுக் கழுவியபின், அளவோடு கரைத்த பிளீச்சிங் கரைசலே தேவை. அன்று வினிகர் அந்த அறைக்குள் வரவே கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கிலும் வினிகருக்குப் பெரிய வேலையில்லை. வடைச்சட்டிக்கு மேலே சுவரில் படிந்த பிசுக்குக்குச் சோப்பு அல்லது சோடாதான் மருந்து. கட்டிச் சோப்பைக் கரைத்து அதில் வினிகர் கலந்தால் சோப்பு திரிந்து பிசுபிசுப்பான கொழுப்பாகிவிடும். திரிதல் என்றவுடன் இன்னொன்று: பால் சிந்திய இடத்திலும் முட்டை உடைந்த இடத்திலும் வினிகரைத் தெளிக்க வேண்டாம். பாலில் வினிகர் விட்டுப் பனீர் எடுப்பதை அறிந்தவர்களே தரையில் பனீர் செய்துவிட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உலோகங்களில் கவனிக்க வேண்டியது நேரம். பித்தளைக் குத்துவிளக்கும் செம்புச் சொம்பும் வினிகரும் உப்பும் வைத்துத் தேய்த்தால் புளி போட்டதுபோலப் பளிச்சிடும். ஆனால் ஊறவைத்துவிட்டு மறந்தால், அல்லது சரியாக அலசாமல் ஈரத்தோடு கவிழ்த்தால், பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு நஞ்சு. தேய்த்து, அலசி, உலர்ந்த துணியால் துடைத்து முடித்துவிட வேண்டும். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்துக்கு வினிகர் வேண்டாம். அலுமினியக் குக்கரின் கறுப்பை நீக்கச் சிறிது நேரம் வைக்கலாம், இரவு முழுவதும் வைத்தால் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். பழகிய இரும்புத் தோசைக்கல்லில் ஒரு துளிகூட வேண்டாம். பல ஆண்டுகளாக எண்ணெய் ஏறிப் படிந்த அந்தக் கறுப்புப் பதத்தைக் கரைத்துவிட்டால், அடுத்த தோசை ஒட்டும்போதுதான் இழப்பு புரியும்.

வாஷிங் மெஷினில் ஒவ்வொரு துவைப்புக்கும் வினிகர் ஊற்றுவது நாளடைவில் கதவின் ரப்பர் வளையத்தையும் குழாய்களையும் கெடுக்கும். தொலைக்காட்சி, கைபேசித் திரைகளின் பூச்சுக்கும், அரக்குப் பாலிஷ் போட்ட பழைய தேக்கு நாற்காலிகளுக்கும் அது ஆகாது. சன்னல் கண்ணாடிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சட்டத்தில் ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வினிகர் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: விலை குறைந்த செயற்கை வெள்ளை வினிகரே சுத்தம் செய்யச் சரியானது. ஆப்பிள் வினிகரும் தென்னங்கள் வினிகரும் சமையலுக்கு இருக்கட்டும். அவற்றின் நிறம் கறையாகும். வாங்கிய பாட்டிலிலேயே வைத்திருங்கள். தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைத்தால், வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வரும் குழந்தைக்கு அது தண்ணீராகவே தெரியும்.