கூழுக்குள்ள கிடக்கிற மீனுக்கு எத்தினையாம் படி?

போசணை மட்டம், அதாவது ஒரு உயிர் உணவுச் சங்கிலியில நிக்கிற படி, என்ன எண்டு கேட்டா எங்கட பிள்ளையள் உடன புல்லு, மான், சிங்கம் எண்டு எழுதிப்போட்டு நிப்பினம், மானும் சிங்கமும் இஞ்ச எங்க கிடக்கு, யாழ்ப்பாணத்துக் குருநகரிலயோ பாசையூரிலயோ மீன், இறால் போட்ட ஒடியல் கூழுக்கு வாங்கின சாமானை வைச்சே செய்து பாருங்கோ.

முதல்ல ஆர் ஆரைத் தின்னுது எண்டு கொப்பியில எழுதி அம்பு போடுங்கோ. தின்னப்படுறதில இருந்து தின்னுறவற்ற பக்கம்தான் அம்பு போகோணும், சக்தி போற வழி அது. நான் ஓ.எல் படிக்கேக்க மாறிப் போட்டுப் புள்ளி விட்டனான்.

பிறகு நம்பர். வெயிலை வைச்சுத் தானே சாப்பாடு செய்யிறதெல்லாம் 1: சாதாளை, தண்ணியில மிதக்கிற நுண்பாசி, பயத்தங்காய், ஒடியல் (காய வைச்ச பனங்கிழங்கு) தாற பனை. சாதாளை, பாசியை மேயிற ஓரா மீன் 2. 2ஐத் தின்னுறது 3, அப்பிடியே ஏறுங்கோ, மற்ற மீனைத் துரத்திப் பிடிக்கிற சீலா 4க்குக் கிட்ட வரும். உடம்பைப் பாத்து நம்பர் போட்டிடாதேங்கோ, நூற்றுக்கணக்கான கிலோ நிறையுள்ள கடற்பசு கடற்புல்லுத் தின்னுறதால வெறும் 2தான்!

இறாலுக்குத்தான் எல்லாரும் முழிக்கிறது, ஏனெண்டா அது பாசியும் தின்னும் சின்னப் பூச்சி புழுவும் தின்னும். அதுக்கு வழி இருக்கு, தின்னுற சாப்பாட்டின்ர சராசரிப் படியோட 1ஐக் கூட்டுங்கோ. பாதி பாசி (1), பாதி பாசி தின்னிப் பூச்சி (2) எண்டா சராசரி 1.5, அப்ப இறால் 2.5. பக்டீரியா, பங்கசு மாதிரிச் செத்ததை உக்க வைக்கிற பிரிகையாக்கியளை இந்த ஏணியில ஏத்தாமப் பக்கத்தில தனியா எழுதுங்கோ.

படி ஏன் 4, 5ஓட நிக்குது எண்டு கேப்பினம். 1942இல லிண்டெமன் எண்டவர் ஏரி ஒண்டை வைச்சுச் சக்திக் கணக்குப் பாத்தவர், இப்ப பொதுவாச் சொல்லுறது ஒரு படியில இருந்து அடுத்த படிக்குப் பத்தில ஒரு பங்குதான் போகுது எண்டு. 1000 கிலோ பாசிக்கு 100, பிறகு 10, பிறகு 1, அதுக்கு மேல ஒருத்தருக்கும் வயிறு நிரம்பாது.

கடைசியா உங்கட பிலாவிலைக் கூழைக் கணக்குப் பாருங்கோ. பாதி மாவும் மரக்கறியும், பாதி 3ஆம் படி மீன் எண்டு வைச்சா அண்டைக்கு நீங்க 3. ஆனா உலக மனிசரின்ர சராசரி 2.21 எண்டு 2013இல ஒரு ஆய்வு வந்தது, அது நெத்தலிக்குப் பக்கத்தில. சீலா எங்களுக்கு மேல!