'போல்' வந்தாலே உவமையணியா?

மகள் பத்தாம் வகுப்பு. அணி இலக்கணத்தைத் தலைகீழாகச் சொல்வாள், தேர்வில் மட்டும் மார்க் போய்விடும். விடைத்தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 'போல்' கண்ணில் பட்டதும் உவமையணி என்று எழுதிவிடுகிறாள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று வருமே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கொடி காற்றில் அசைவது இயல்பு, அது கோவலனையும் கண்ணகியையும் வராதே என்று தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தானாக ஏற்றும் குறிப்பு, ஆகவே தற்குறிப்பேற்றம்.

சரி, மனப்பாடத்தை ஓரமாக வை என்றேன். ஒப்பிடுகிறாரா, இல்லை இயல்பாக நடப்பதற்குக் காரணம் கற்பிக்கிறாரா, அதை மட்டும் கேள். 'அகர முதல' குறளில் 'போல்' மாதிரி உவம உருபே இல்லை, இரண்டு வாக்கியம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, எடுத்துக்காட்டு உவமை. மலர்முகம் (மலர் போன்ற முகம்) உவமை, முகமலர் (முகமே மலர்) உருவகம். இதை இட்லி ஊற்றிக்கொண்டே மாற்றி மாற்றிக் கேட்டேன் (எனக்கே இரண்டு தடவை குழம்பியது). அப்புறம் உரைப்பத்திக்கு, வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போ என்றேன்.

அடுத்த தேர்வில் அணிக்கு முழு மார்க். பத்தியில் ஒன்று போச்சு, 'பொருந்தாதது எது' என்பதைப் பொருந்துவது என்று படித்திருக்கிறாள்.